தோட்டத்துச் சேறும் ஜீப் டயரும்

(நமது சக்லேஷ்பூர் பகுதி நேர நிருபர்)

ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டால், சக்லேஷ்பூர் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று யானை. மற்றொன்று ஜீப். யானையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். ஜீப்பைப் பற்றி, அதிலும் அந்த ஜீப்பின் டயரைப் பற்றி, யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2025-ம் ஆண்டு ஆடி மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் ரயில்வே குமாஸ்தா. எங்கள் வண்டிக்கு டயர் கிடையாது.

என் மனைவியின் தம்பி இங்கே சொந்தமாக ஒரு வண்டி ஓட்டுகிறான். பழைய பொலிரோ, 'போர் வீல்' உள்ளது. (இந்தப் பக்கத்தில் மலை ஏறுகிற வண்டி எதுவானாலும் அதற்கு ஜீப் என்றுதான் பெயர்.) சீட்டு எடுத்த பணமும் என் மனைவியின் வளையல்களும் சேர்ந்து வாங்கிய வண்டி. காலையில் லைன் வீடுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். மாலையில் திருப்பி அழைத்து வருவான். இடையில் ரேஷன் அரிசி, உர மூட்டை, காய்ச்சல் கண்ட பிள்ளை என்று எது வந்தாலும் ஏற்றுவான். தோட்டத்தில் நடைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை. மணி ஐந்தரை இருக்கும். நல்ல மழை. வண்டியில் பத்துப் பேர். ஏழு பேர் போகவேண்டிய வண்டியில் பத்துப் பேர் போனது தவறுதான். அது வேறு வழக்கு. ஓடைக்கு இறங்குகிற சரிவில் வண்டி வழுக்கியது. பிரேக் பிடித்தான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, சில்வர் ஓக் மரம் ஒன்றில் போய் இடித்து நின்றது. அந்த மரம் அங்கே இல்லாவிட்டால், நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். முதல் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருப்பேன்.

ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்க முடியாமல், பாட்டி உள்பட எல்லோரும் மூன்று கிலோ மீட்டர் நடந்தார்கள். அந்த வாரம்தான் அதே பாதையில் குட்டியோடு நான்கு யானைகள் நின்றன. தூக்குச் சட்டிகளைத் தட்டிக்கொண்டே, இரண்டு டார்ச் விளக்கு வெளிச்சத்தில் நடந்து வந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டு முனையில் அவர்களை நான் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. ஒரு பெண் மட்டும், "சட்டி நசுங்கிப்போச்சுண்ணே" என்றாள்.

மறுநாள் டயரைப் பார்க்கப் போனேன். நான்கும் நடுவில் மொட்டை. பள்ளத்தில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்தால் குச்சி மேலே துருத்திக்கொண்டு நின்றது. நான்கு சக்கர வண்டியின் டயரில் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். இதைக் கண்டுபிடிக்க அளவுகோல்கூட வேண்டாம். டயர் பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

"போர் வீல் போட்டிருந்தியா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தேன் மாமா. ஏறும்போது அது இழுக்கும். எறங்கும்போது அது என்ன பண்ணும்?" என்றான்.

சரியான பதில். ஆனால் மரத்தில் இடித்த பிறகு சொல்கிறான்! நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் எந்தச் சேற்றிலும் போகலாம் என்று நம்மவர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. நிறுத்துவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் மட்டுமே. ஒரு டயர் தரையில் பதிகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அப்படி நான்கு உள்ளங்கை. பத்துப் பேருடைய உயிர் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில் இருக்கிறது.

எங்கள் ரயில் சக்கரம் தண்டவாளத்தில் பதிகிற இடம் இதைவிடச் சிறியது. ஒரு நாணய அளவுதான். இரும்பின்மேல் இரும்பு. சக்லேஷ்பூரிலிருந்து சுப்பிரமண்யா ரோடு வரையுள்ள மலைத் தடத்தில் 50 அடிக்கு 1 அடி ஏற்றம். மழையில் சக்கரம் வழுக்கும். அதற்காகத்தான் என்ஜினில் மணல் பெட்டி இருக்கிறது. டிரைவர் பொத்தானை அமுக்கினால் சக்கரத்துக்கு முன்னே தண்டவாளத்தில் மணல் விழும். பின்னாலிருந்து தள்ளத் தனி என்ஜினும் உண்டு. மழைக்காலத்தில் தடத்தை நடந்து பார்க்க ரோந்து ஆட்கள் உண்டு. இத்தனையும் ரயிலுக்கு. ரயிலைவிட மோசமான பாதையில் நம் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புக்கு மழைக்கு முன்னால் டயரைக் குனிந்து பார்க்க ஓர் ஆள் இல்லை.

மூன்று கடை, மூன்று யோசனை

டயர் மாற்றுவது என்று முடிவாயிற்று. சொசைட்டியில் கடன் போட்டு நான் 25 ஆயிரம் ரூபாய் கொடுப்பதாகச் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் உள்ள எல்லோரும் டயர் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள்.

முதல் யோசனை மாப்பிள்ளையுடையதே. சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வாலிபர்கள் பெரிய பெரிய வண்டிகளில் சேற்றில் விளையாட வருகிறார்கள். பாறை மாதிரி பல் வைத்த டயர்கள்; 'மட் டெரெய்ன்' என்று பெயர். நம் ஆட்கள் 'பட்டன் டயர்' என்பார்கள். அவர்கள் ஓட்டிக் கழித்த டயர்கள் கைமாறி ஹாசன் வரை வருகின்றன. நான்கும் சேர்த்து 16 ஆயிரம் என்றார் ஒரு கடைக்காரர். பல் பாதிக்குமேல் இருந்தது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

நான் டயரின் பக்கவாட்டைப் படித்துப் பார்த்தேன். பார்சல் ஆபீஸில் சிறிய எழுத்துகளைப் படித்துப் பழகிய கண் எனக்கு. ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 3717. அதாவது 2017-ம் ஆண்டின் 37-வது வாரத்தில் செய்தது. எட்டு வருஷத்து ரப்பர். பல்லுக்கு அடியில் மயிரிழை போல வெடிப்புகள். ரப்பர் ஓடினாலும் மூப்படையும், ஓடாமல் வெயிலில் கிடந்தாலும் மூப்படையும். இறுகிப்போன ரப்பர் எவ்வளவு பெரிய பல் வைத்திருந்தாலும் ஈரத் தாரில் பிடிக்காது. டயர் வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம். பின் இரண்டு வருஷம். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது யோசனை எங்கள் ஸ்டேஷன் வாசலில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர் சொன்னது. பழைய டயருக்கே 'ரீட்ரேடிங்' செய்து, ஜீப் பட்டன் வைத்துக் கொள்ளலாம். புதிய டயரின் விலையில் பாதிகூட ஆகாது என்றார். லாரிக்காரர்கள் செய்கிறார்கள், உண்மை. நல்ல கம்பெனியில், நல்ல உடல் கட்டுள்ள டயருக்குச் செய்தால் அது மோசமில்லை. ஆனால் அதே லாரிக்காரர் முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் டயர் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். சிரித்தார். தோட்டத்துக் கல்லிலும் வெட்டிய காப்பித் தூரிலும் உரசி உரசி எங்கள் டயர்களின் பக்கவாட்டில் நூல் தெரிந்தது. உடம்பு கெட்ட பிறகு மேலே புதிய சட்டை போட்டு என்ன பயன்?

மூன்றாவது யோசனையைச் சொன்னவர் ஹாசனில் டயர் கடை வைத்திருக்கும் பாய். முப்பது வருஷமாக டயரோடு பழகியவர். அவர் மாப்பிள்ளையிடம் டயர் எதுவும் காட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தார் ரோடு, எவ்வளவு மண் ரோடு?"

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினான். ஒரு நடைக்குப் போகவர 22 கிலோ மீட்டர். அதில் 14 தார் ரோடு; மங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போகவேண்டியது. 8 மண் பாதை.

"அப்ப உனக்கு எதுக்கு அந்தப் பல்லு?" என்றார் பாய்.

பல் பெரிதானால் எல்லாம் சரியாகுமா?

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வண்டியோடு கம்பெனி கொடுக்கும் டயர் தார் ரோட்டுக்காக ஆனது. அதில் பள்ளங்கள் மெல்லியவை. நம் மலைநாட்டுச் செம்மண் சேறு அந்தப் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். நான்கு சுற்றுக்குள் டயர் முழுவதும் மண் பூசி வழவழவென்று ஆகிவிடும். பிறகு புது டயரும் மொட்டை டயரும் ஒன்றே. பெரிய பல் டயரில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அகலமான இடைவெளி இருக்கிறது. சக்கரம் சுற்றும்போது அந்த மண்ணை அது உதறி எறிந்துவிடும். அதனால்தான் சேற்றில் பிடிக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த இடைவெளிதான் தார் ரோட்டில் எதிரி. உள்ளங்கை அளவு இடத்தில் பாதி வெற்றிடம் என்றால், தரையைத் தொடும் ரப்பர் பாதிதான். உயரமான பல் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளியும். மழை பெய்து நனைந்த தாரில், பின்னால் பத்து ஆள் பாரத்தோடு, வளைவில் எதிரே லாரி வரும்போது, வண்டி நிற்க இன்னும் சில கஜ தூரம் கூடுதலாக வேண்டும். அந்தச் சில கஜம் இருக்குமா, இருக்காதா என்பது நம் கையில் இல்லை. போதாததற்கு இரைச்சல், டீசல் செலவு, சீக்கிரத் தேய்மானம்.

முழுக்க முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே ஓடி, தாரைக் காணாத வண்டி என்றால் பெரிய பல் டயரே சரி. அதன் பக்கவாட்டு ரப்பரும் கனம், கல் கிழிக்காது. அதை நான் மறுக்கவில்லை. நம் டிரைவர்களில் அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

நடுவே ஒரு ரகம் இருக்கிறது. 'ஆல் டெரெய்ன்' என்று பெயர். கடையில் 'ஏ.டி.' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தார் டயரைவிட ஆழமான பள்ளம். ஓரத்தில் கட்டை கட்டையான பல். நடுவில் போதுமான ரப்பர். சேற்றில் பெரிய பல் அளவுக்குப் பிடிக்காது. தாரில் தார் டயர் அளவுக்கு நிற்காது. இரண்டிலும் ஆளைக் கைவிடாது. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., சியட் என்று நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. வெளிநாட்டுப் பெயருக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்று போட்டிருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் உகந்தது என்று அர்த்தம். நம் பக்கம் பனி ஏது? தவிரவும் அது டயர் செய்தவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் பட்டம். அதை மட்டும் நம்பாமல் பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று அளவு. பொலிரோவுக்குக் கம்பெனி அளவு 215/75 ஆர் 15. மாப்பிள்ளை ஆசைப்பட்ட பழைய டயர்கள் 235/75 ஆர் 15. 'அரை சைஸ் பெரிசு, வண்டி உசந்து நிக்கும்' என்றார்கள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். சிறிய டயரின் விட்டம் 703 மில்லி மீட்டர். பெரியதன் விட்டம் 733. வித்தியாசம் 30. அதில் பாதிதான் வண்டி உயரும். ஒன்றரை சென்டி மீட்டர். ஒரு விரல் தடிமனுக்காக என்ன இழக்கிறோம்? முதல் கியரில் வண்டியின் இழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு குறைகிறது. மேட்டில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு அது தெரியும். பிரேக்குக்கும் வேலை கூடுகிறது. மீட்டர் 60 காட்டினால் வண்டி 62-க்கு மேல் ஓடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும். தகுதிச் சான்றுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் அங்கேயும் பதில் சொல்லவேண்டும்.

தவிர, நம் பாதைகளில் மேலே நான்கு அங்குலம் குழைசேறு. அடியில் கெட்டியான செம்பாறை. அகலமான டயர் மேலே மிதக்கும். குறுகிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். பழைய ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லியான நைலான் டயரோடு இந்தத் தோட்டங்களில் ஏறி இறங்கியது எப்படி என்று நினைக்கிறீர்கள்? இன்றும் அந்த ஜீப் வைத்திருப்பவர்கள் இருந்தால், அதே அளவில் ஆழப் பல் வைத்த நைலான் டயரே அவர்களுக்குச் சிக்கனம். ராணுவ ஜீப் பல் என்பார்களே, அது முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி பிடிக்கும். சேற்றில் புதைந்தால் ரிவர்ஸில் எடுக்க உதவும். ஆனால் நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலந்து போட்டு ஓட்டாதீர்கள்.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுக்குப் பக்கத்தில் 100 என்று ஓர் எண் இருந்தால், அந்த டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்குக் குறைந்த எண்ணுள்ள டயரை மாட்டிவிடுகிறார்கள். வண்டியின் எடையோடு பத்து ஆள் எடையையும் கூட்டிப் பாருங்கள்.

வாங்கியது

பாய் கடையில் 'ஏ.டி.' டயர் ஒன்று 6,490 ரூபாய் விலை சொன்னார். வரி உள்பட. "போன மாசம் வந்திருந்தா ஏழாயிரம் தாண்டியிருக்கும்" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. ஒரு டயருக்கு 550 ரூபாய், நான்குக்கு 2,200. சர்க்கார் வரியைக் குறைத்தால் அது நம் வீடு வரை வருவதில்லை என்று குறை சொல்வதே என் வழக்கம். இந்தத் தடவை வந்தது. சொல்லத்தான் வேண்டும்.

நான்கும் சேர்த்து 25,960. மாப்பிள்ளை இரண்டு மட்டும் இப்போது வாங்கி முன்னால் போட்டுக்கொள்கிறேன் என்றான். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடவேண்டுமாம். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும். டிரைவர் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஆடி மாதம் சில்வர் ஓக் மரத்தைத் தேடிப் போனது பின் சக்கரம்தான். தவிரவும் போர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் தேய்மானம் ரொம்ப வித்தியாசப்பட்டால் உள்ளே பல்சக்கரங்களுக்குக் கேடு. நான்கும் வாங்கினோம். கூட 960 ரூபாயும் நான் கொடுத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். என் மனைவி பத்திரிகை படிப்பவள்.

'ஏ.டி.' டயர் பிடிக்காத சேறு வந்தால் என்ன செய்வது? அதற்கு மலைநாட்டில் பழைய வழி ஒன்று இருக்கிறது. சங்கிலி. பின் சக்கரம் இரண்டிலும் இரும்புச் சங்கிலியைப் பின்னிக் கட்டினால், கழுத்தளவு பல் வைத்த டயரும் தோற்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் கழற்றிவிடவேண்டும், மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். கழற்றி மாட்டப் பத்து நிமிஷமும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் வாலிபர்கள் பெரிய பல்லுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்து ஷெட்டில் ஒரு ஜோடி சங்கிலி துருப்பிடித்துக் கிடந்தது. ரைட்டரிடம் கேட்டதும், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தோம்.

ஆழமான சேற்றில் டயரின் காற்றைக் குறைத்தால் பதிகிற இடம் அகலமாகி நன்றாகப் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வித்தை வேண்டாம். குறைத்த காற்றோடு நெடுஞ்சாலைக்கு வந்தால் டயர் சூடேறி வெடிக்கும். ஆட்களை இறக்கி, காற்றைக் குறைத்து, சேற்றைக் கடந்து, மறுபடி பம்ப் அடித்துக்கொண்டு ஏற்றுங்கள். கால் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

இந்தச் செலவு யாருடையது?

இனி நான் சொல்லப்போவது தோட்ட நிர்வாகிகள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

டயர் டிரைவருடைய சொந்தச் செலவு என்பதுதான் இங்குள்ள வழக்கம். நடைக் கூலி பேசும்போது டீசல் விலையைப் பேசுகிறார்கள். டீசல் விலை ஏறினால் டிரைவர்கள் கூடி நின்று கேட்கிறார்கள். கொஞ்சம் ஏற்றியும் கொடுக்கிறார்கள். டயரை யாரும் பேசுவதில்லை. டீசல் இல்லாவிட்டால் வண்டி ஓடாது. அது உடனே தெரியும். டயர் தேய்ந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும், வண்டிக் கடன் தவணையும், இன்ஷூரன்ஸும் போன பிறகு, கடைசியாக டயர் முறை வருகிறது. அது வருவதற்குள் ஆடி மழை வந்துவிடுகிறது. என் மாப்பிள்ளை கவனமில்லாதவன் அல்ல. டயர் தேய்ந்தது அவனுக்குத் தெரியும். தை மாதம் மாற்றலாம் என்று இருந்தவன், தை மாதத்தில் தங்கைக்குச் சீர் செய்தான்.

கணக்குப் பார்ப்போம். குமாஸ்தாவுக்கு அதுதானே வரும்! நான்கு டயர் 25,960 ரூபாய். நல்ல ரோட்டில் இன்னும் அதிகமாக ஓடும். தோட்டத்துப் பாதையில் 30 ஆயிரம் கிலோ மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கிலோ மீட்டருக்கு 87 பைசா. 22 கிலோ மீட்டர் நடைக்கு 19 ரூபாய்ச் சொச்சம். வண்டியில் பத்துப் பேர். ஓர் ஆளுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. சட்டப்படி ஏழு பேர் போகும் வண்டியில் டிரைவர் போக ஆறு ஆளையே ஏற்றினாலும் மூன்று ரூபாய்ச் சொச்சம்தான்.

நடைக் கூலியோடு 20 ரூபாயை 'டயர் பணம்' என்று தனியாகப் போட்டு, அதைத் தோட்ட ஆபீஸிலேயே வைத்திருந்து, வைகாசியில் மழைக்கு முன்னால் டயராகவே வாங்கிக் கொடுக்கட்டும். டிரைவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது வேறு எங்காவது போய்விடும். இதை டிரைவர்களே என்னிடம் ஒப்புக்கொண்டார்கள். டயர் வாங்கிக் கொடுக்கிற தோட்டம், மழைக்கு முன்னால் டயரைப் பார்க்கவும் பார்க்கும். பள்ளம் இல்லாத டயரோடு வரும் வண்டிக்கு அன்று நடை கிடையாது என்று ரைட்டர் சொல்லலாம். அப்படிச் சொல்லும் உரிமை பணத்தில் பங்கு கொடுப்பவருக்குத்தான் உண்டு.

'வண்டி அவனுடையது, டயரும் அவனுடையது, எங்களுக்கென்ன?' என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். வண்டி அவனுடையதுதான். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய ஆட்கள்? காலை எட்டு மணிக்கு யாருடைய தோட்டத்தில் அவர்கள் நிற்கவேண்டும்? வண்டி வராத நாளில் அரைநாள் கூலி வெட்டும்போது 'எங்கள் ஆட்கள்' என்கிறீர்களே!

நம் பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து ஒரு தடவை டயரைப் பாருங்கள். மேஸ்திரி கோபிப்பார், டிரைவர் சிரிப்பார். பரவாயில்லை. காய்கறி வாங்கும்போது முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறீர்கள் அல்லவா?

புதிய டயர்களோடு மாப்பிள்ளையின் வண்டி ஒரு காப்பிப் பழ அறுவடையை ஓட்டி முடித்துவிட்டது. அது வெயில் காலம், பரீட்சை அல்ல. ஆனாலும் ஐப்பசிக் கடைசியில் பெய்த ஒரு மழையில் அதே ஓடைச் சரிவில் நான் கூடவே உட்கார்ந்து போனேன். முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறக்கினான். சில்வர் ஓக் மரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி அதைக் கடந்து ஓடையில் இறங்கி அக்கரை ஏறும் வரை பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஏறியதும் மணிக்கட்டு கூடிய பாட்டிதான் முதலில் பேசினாள். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டாள்.

20 ரூபாய் விஷயத்தை அந்தத் தோட்டத்து ரைட்டர், மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வைகாசிக்குள் பதில் வரவேண்டும். மாப்பிள்ளையின் ஸ்டெப்னி இன்னும் பழைய மொட்டை டயர்தான். அடுத்த மாதச் சம்பளத்தில் அதை மாற்றவேண்டும்.